பூ வைக்காத நாம் மலர்க் கண்காட்சிக்குப் போகலாமா?



பெங்களூரில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தபோது, சகோதரி ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடத்தில் ஒரு கேள்வி கேட்டார். "பிரதர், லால்பாக்கில் மலர்க் கண்காட்சி வருகிறது. பிள்ளைகள் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தலையில் பூவே வைக்காத நாம் பூ பார்க்கப் போனால் சபையில் என்ன நினைப்பார்கள்?"

சிறிய கேள்வி என்று இதை நான் தள்ளிவிடவில்லை. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களில் பத்து வருஷம் ஒரே நகரத்தில் வாழ்ந்தும், வேலைக்குப் போகும் வழியையும் சபைக்குப் போகும் வழியையும் தவிர வேறொன்றும் அறியாத தாய்மார் அநேகர் உண்டு. அந்தச் சகோதரியும் அவர்களில் ஒருவர்.

பூச்சூடாமல் இருப்பது நம்மில் பலர் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய் எடுத்துக்கொண்ட தீர்மானம். அதைக் குறித்துத் தர்க்கம் செய்ய இப்பக்கம் எழுதப்படவில்லை. ஆனாலும் சூடுவது வேறு, பார்ப்பது வேறு. அப்போஸ்தலனாகிய பேதுரு புறம்பான அலங்காரத்தைக் குறித்துத்தான் எச்சரித்து எழுதினார். நம்முடைய ஆண்டவரோ மலைப்பிரசங்கத்தில் (மத்தேயு 6:28, 29) காட்டுப் பூக்களை உற்று நோக்கும்படி தம்மிடத்தில் வந்தவர்களுக்குச் சொன்னார். சாலொமோன் ராஜாவின் உடுப்பைக்காட்டிலும் அந்தப் பூவின் உடுப்பே மேலானது என்றார். அதை யாரிடத்தில் சொன்னார்? நாளைக்கு என்ன உண்போம், எதை உடுப்போம் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஜனங்களிடத்தில். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பவேண்டிய பணமும் மாதந்தோறும் நெருக்குகிற நமக்கும் அந்த வார்த்தை பொருந்தும். பூவைப் பார்ப்பது வீண் பொழுதுபோக்காய் இருந்திருந்தால் கவலைக்கு மருந்தாக ஆண்டவர் அதைச் சொல்லியிருப்பாரா?

ஆகவே "போகலாமா?" என்ற கேள்விக்கு என் பதில், "போகலாம்" என்பதே. "எப்படிப் போவது?" என்பதுதான் அதைவிடக் கடினமான கேள்வி. அதில் நான் ஒருமுறை தவறினவன்.

நான் செய்த தவறு

2018-ஆம் ஆண்டு ஜனவரி 26. விடுமுறை நாள் என்பதை மட்டும் யோசித்தேன். மதிய உணவுக்குப் பின் மனைவி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஆகிய எல்லாரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வாயிலுக்கு வெகுதூரம் முன்னதாகவே வாகனங்கள் அசையாமல் நின்றன. இறங்கி நடந்தோம். நுழைவுச்சீட்டுக்கு ஒரு வரிசை, கண்ணாடி மாளிகைக்கு மற்றொரு வரிசை. முழங்கால் வலியுள்ள அம்மா, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க இருக்கேன்" என்று ஒரு கல்லின்மேல் அமர்ந்து எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பிள்ளைகள் அழுதார்கள், நான் மனைவியின்மேல் எரிந்து விழுந்தேன். வீட்டிற்கு வந்தபின் அம்மாவிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "எல்லாரு முதுகையும் பார்த்தாச்சு மக்கா" என்று சிரித்தார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையின் பூச்சந்தையை அறியாதவர் நம்மில் குறைவு. விதவையான என் அம்மா அங்கே பிச்சிப்பூவும் அரளியும் கட்டிக்கொடுத்து எங்களை வளர்த்தவர்கள். பூவை அறிந்த அந்த ஒருவரைத்தான் நான் கல்லின்மேல் உட்காரவைத்துவிட்டு வந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த முறை திட்டமிட்டது

மறுவருஷம் ஒரு தீர்மானம் செய்தோம்: குடும்பத்தில் மிக மெதுவாக நடக்கிறவர் யாரோ, அவருக்காகவே இந்த நாளைத் திட்டமிடவேண்டும். யாக்கோபும் தன் பிள்ளைகளும் மந்தையும் நடக்கும் நடைக்குத் தக்கதாக மெதுவாய் வருவதாகத்தானே ஏசாவிடம் சொன்னான் (ஆதியாகமம் 33:14)! அந்தத் தீர்மானம் செய்தவுடன் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்தன.

*நாள்:* லால்பாக் கண்காட்சி ஆண்டுக்கு இருமுறை, குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி, சுமார் 10 அல்லது 12 நாட்கள் நடைபெறுகிறது. சனி, ஞாயிறு, ஜனவரி 26, ஆகஸ்டு 15 ஆகிய நாட்களில் கூட்டம் அலைமோதும். ஆராதனையை விட்டுவிட்டு ஞாயிறன்று போவது நமக்குத் தகாது. குடியரசு தினத்தில் பல சபைகளில் உபவாச ஜெபம் உண்டு. ஆகவே செவ்வாய், புதன் போன்ற ஒரு வேலைநாளைத் தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே விடுப்புச் சொல்லிவையுங்கள். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று தோன்றும். நோய்க்காக எத்தனை நாள் விடுப்பு எடுத்திருக்கிறோம்! மகிழ்ச்சிக்காக ஒரு நாள் எடுக்கக்கூடாதா? ஆகஸ்டில் மழை உண்டு, குடை அவசியம். முதியோருக்கு ஜனவரியே ஏற்றது.

*வழி:* சொந்த வாகனம் வேண்டாம், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். 2017 முதல் பச்சைத் தடத்தில் லால்பாக் மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கினால் மேற்கு வாயில் அருகில்தான். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் சாந்திநகர் பேருந்து நிலையத்தில் இறங்கினால் டபுள் ரோடு வாயில் பக்கம். தோட்டம் ஏறக்குறைய 240 ஏக்கர். எந்த வாயிலில் நுழைகிறோமோ அதைப் பொறுத்தே முதியோரின் நடை கூடும், குறையும். "தவறிப்போனால் இந்த இடத்தில் வந்து நில்" என்று பிள்ளைகளுக்கு நுழைந்தவுடனே ஒரு மரத்தைக் காட்டிவையுங்கள். தகப்பனின் கைபேசி எண்ணைச் சிறு பிள்ளையின் சட்டைப்பையில் எழுதி வையுங்கள்.

*நேரம்:* காலையில் சீட்டு கொடுக்கத் தொடங்கும்போதே அங்கே இருங்கள். முதலாவது கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிடுங்கள். பகல் ஏற ஏற அங்கேதான் வரிசை நீளும். மரங்களையும் ஏரியையும் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

*செலவு:* 2025 ஜனவரியில் பெரியவர்களுக்கு வேலைநாளில் 80 ரூபாயும் விடுமுறை நாளில் 100 ரூபாயும், சிறுவருக்கு 30 ரூபாயும் வாங்கினார்கள். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் என்றால் வேலைநாளில் 220 ரூபாய். கட்டணம் மாறக்கூடும்; செய்தித்தாளில் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே பிளாஸ்டிக்குக்கு அனுமதி இல்லை, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் போதும். காலையில் வயிறார உண்டு புறப்பட்டு, மதியம் வெளியே வந்து ஓர் உணவகத்தில் அமருங்கள். அன்றைக்காவது தாய்மார் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்டவேண்டாம். அவர்களுக்கும் அது விடுமுறை நாளாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

பூவின் முன்னே நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அந்த நாளில் பாதியை இழந்துவிடுவோம். இந்தத் தோட்டத்தை 1760-இல் ஐதர் அலி தொடங்கினார். அவர் குமாரன் திப்பு சுல்தான் தூரதேசங்களிலிருந்து செடிகளை வரவழைத்து அதை விரிவாக்கினார். லண்டனின் பளிங்கு மாளிகையை மாதிரியாகக் கொண்ட கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. தோட்டத்திலுள்ள பெரும்பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள் பழமையானது என்று புவியியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். அதன்மேல் கெம்பே கௌடாவின் கோபுரம் நிற்கிறது.

ஜெர்மனியிலிருந்து வந்த கிரும்பிகல் என்பவரைக் குறித்தும் சொல்லுங்கள். அவர் லண்டனின் கியூ தோட்டத்தில் பணிசெய்து, பின்பு பரோடாவுக்கு வந்து, அங்கிருந்து 1908-இல் இந்தத் தோட்டப் பொறுப்புக்கு வந்தார். ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்கும்படி, வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு நிறம் தெருவில் இருக்கும்படி மரங்களைத் தெரிந்தெடுத்து நட்டார். இளஞ்சிவப்பு டபேபுயா, ஊதா ஜகரண்டா, பின்பு செம்மயிற்கொன்றை என்று பெங்களூர் தெருக்கள் முறைவைத்துப் பூப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? அவர் 1956-இல் இந்த நகரத்திலேயே மரித்து, இங்கேயே அடக்கம் பண்ணப்பட்டார். அவரும் பிழைக்க வந்தவரே. ஆனாலும் தமக்குப் பின்வருகிறவர்கள் பார்க்கும்படி நட்டுவிட்டுப் போனார்.

சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போன ஜனங்களுக்கு எரேமியா எழுதின நிருபத்தை (எரேமியா 29:5-7) வாசித்துப்பாருங்கள். தோட்டங்களை நாட்டவும், தாங்கள் வாழும் பட்டணத்தின் சமாதானத்திற்காக ஜெபிக்கவும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நம்முடைய ஊர் எங்கோ இருக்கிறது என்று இந்தப் பட்டணத்தை வெறும் வேலைத்தலமாக மட்டும் பார்க்கிற நமக்கும் இது ஏற்ற வார்த்தை.

கண்ணாடி மாளிகையின் நடுவில் ஒவ்வொரு முறையும் ஒரு பொருளை முன்வைத்துப் பூக்களால் பெரிய உருவம் அமைப்பார்கள். 2019 ஜனவரியில் காந்தியடிகள். 2022 ஆகஸ்டில் நடிகர்கள் ராஜ்குமாரும் அவர் மகன் புனித் ராஜ்குமாரும். 2024 ஜனவரியில் பசவண்ணர். "நாம் இதைப் பார்க்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாம் அங்கே வணங்கப் போவதில்லை. நமக்கு வேலையும் வீடும் கொடுத்த இந்த நாட்டு மக்கள் தங்கள் பெரியோரை எவ்விதம் மதிக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளப் போகிறோம். அவர்களைப் பரிகசிக்கும் ஒரு வார்த்தையும் நம் வாயிலிருந்து புறப்படவேண்டாம்.

போன்சாய், காய்கறிச் சிற்பங்கள், விதைகளும் நாற்றுகளும் விற்கும் கடைகள் ஆகியவையும் உண்டு. ஒரே ஒரு தொட்டிச் செடியாவது வாங்குங்கள். ஒற்றை அறை வீட்டின் ஜன்னலிலும் துளிர் விடுமே.

அம்மா பார்த்த பூக்கள்

2019 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அம்மாவை மெட்ரோவில் அழைத்துப்போனோம். கூட்டம் குறைவு. நாங்கள் நடக்கவில்லை, அம்மா நடந்தார்கள், நாங்கள் பின்தொடர்ந்தோம். நாலு இடத்தில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி மாளிகைக்குள் ஒரு பூவின் அருகே வெகுநேரம் நின்று, அதன் காம்பையும் இதழ் அடுக்கையும் உற்றுப் பார்த்தார்கள். விரல்கள் தாமாகவே முடிச்சுப் போடுவதுபோல அசைந்ததை என் மகள் பார்த்து, "பாட்டி, என்ன பண்றீங்க?" என்றாள். அன்றைக்குத்தான் தோவாளைக் கதையெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. விடியுமுன் ஈரத்துணியில் வரும் பூக்கூடைகள், முழம் அளக்கும் முழங்கை, இரட்சிக்கப்பட்டபின் தன் தலையில் சூடாமல் பிறருக்குக் கட்டிக்கொடுத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த வருஷங்கள். ஆறு வருஷம் ஒரே வீட்டில் வந்துபோய் இருந்தும் நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் நானும் அந்தச் சகோதரியைப்போல, "பூவை வேண்டாமென்று விட்டவர்கள்தானே நீங்கள்?" என்று கேட்டேன். "தலையில வைக்கதத்தான் விட்டேன் மக்கா. உண்டாக்கினவர மெச்சுகத விடலியே" என்றார்கள்.

அதற்கடுத்த ஜனவரி வருமுன்னே அம்மா கர்த்தரண்டை சேர்ந்தார்கள். விடுப்பு எடுத்த அந்த ஒருநாள் சம்பளம் எவ்வளவு என்பது எனக்கு நினைவில் இல்லை.

பிரியமானவர்களே, கண்ணாடி மாளிகையின் பூக்கள் பத்துப் பன்னிரண்டு நாளில் வாடிவிடும். நம்மோடிருக்கிறவர்களும் நம்மோடு எந்நாளும் இருப்பதில்லை. இந்த மாதத்திலே உங்கள் குடும்ப ஜெபத்திற்குப்பின் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நாம் வெளியே போகும்போதெல்லாம் பையைக் காத்துக்கொண்டு உட்காருகிறவர் யார்? அவருக்கு ஏற்ற ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்.

*ஜெபக்குறிப்பு:* பட்டணங்களில் வேலைசெய்து களைத்திருக்கும் தாய்மாருக்காகவும், பிள்ளைகளோடு தங்க ஊரிலிருந்து வந்து நாலு சுவருக்குள் அடைபட்டிருக்கும் முதியோருக்காகவும் ஜெபிப்போம்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.