நோயின்றி நோய் சுமப்போர்

நோய் என்றவுடன் படுக்கையும் மருந்துக் குப்பியுமாகக் கிடக்கும் ஒருவனையே நினைப்பது உலக வழக்கம். காய்ச்சலுமின்றி இருமலுமின்றி, காலையில் பந்தாடி, மாலையில் பாடம் படித்து, வேளைக்கு வயிறார உண்டுறங்கும் ஒருவனது தொண்டையில் பிறன் ஒருவனைக் கொல்லவல்ல கிருமி மாதக்கணக்காகக் குடியிருத்தல் கூடும் என்றால் பலர் வியப்பர். ஆயினும் உண்மை இதுவே. இவ்வாறு சுமப்போர் மிக்கிருப்பது குழந்தைகளிடத்தன்று, முதியோரிடத்துமன்று. ஏறக்குறைய 19 வயதினரிடத்தே என்று மேனாட்டு ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இவ்விதழைக் கையிலேந்தும் மாணாக்கருட் பெரும்பாலார் அவ்வயதினரே. எழுதும் நாமும் அவ்வயதினமே. ஆதலின் வைத்திய நூல் பயிலாத நாமும் இதுபற்றிச் சில சொல்லத் துணிந்தோம்.

மெனிஞ்சைட்டிஸ் என்பது மூளையையும் முதுகுத் தண்டினுள் ஓடும் நரம்புத் திரளையும் போர்த்திருக்கும் மெல்லிய உறைகளில் உண்டாகும் அழற்சி. இதனை விளைக்கும் கிருமிகள் பல. அவற்றுள் விரைந்து கொல்லுந் திறமுடையது மெனிஞ்சோகாக்கஸ். வியன்னா நகரில் வைக்செல்பாம் என்னும் வைத்தியர் 1887-ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்து கூறினார். மூக்கின் பின்புறமும் தொண்டையின் மேற்புறமும் கூடுமிடமே இதன் உறைவிடம். மனிதரையன்றி விலங்கினத்திலோ, மண்ணிலோ, நீரிலோ இது வாழ்வதில்லை. பதின்மருள் ஒருவர் இதனைச் சுமந்திருப்பர் என்பது பொதுக் கணக்கு. அவருட் பெரும்பாலார்க்கு ஒரு தீங்குமில்லை. சில வாரமோ சில மாதமோ தங்கித் தானே நீங்கும். நீங்குமுன் தன்னை எதிர்க்கும் ஆற்றலையும் தேகத்தில் விளைத்துச் செல்லும். மிகச் சிலரிடத்து மட்டும் இஃது இரத்தத்திற் புகுந்து ஒரு பகலுக்குள் உயிரைக் கொண்டேகும். தக்க மருத்துவம் கிடைத்தவிடத்தும் இந்நோயுற்ற பதின்மருள் ஒருவர் இறப்பர். பிழைத்தோருள்ளும் செவிப்புலன் இழந்தோர், கைகால் இழந்தோர் உளர்.

இக்கிருமி மாணாக்கரிடையே எவ்வளவு விரைவிற் பரவும் என்பதை இங்கிலாந்து நாட்டு நாட்டிங்ஹாம் சர்வகலாசாலையில் 1997-ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்த ஆராய்ச்சி தெளிவாகக் காட்டிற்று. புதிதாகச் சேர்ந்த மாணாக்கர் 2,500-க்கு மேற்பட்டோரின் தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சோதித்தனர். முதல் நாள் சோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 7 பேர் கிருமியைச் சுமந்திருந்தனர். இரண்டாம் நாள் 11. மூன்றாம் நாள் 19. நான்காம் நாள் 23. நான்கே நாளில் மும்மடங்கு! உணவுடன் கூடிய விடுதிகளில் டிசம்பர் மாதத்தில் அது நூற்றுக்கு 34 ஆயிற்று. விடுதியின் மதுக்கூடத்திற்கு அடிக்கடி சென்றோர், புகை பிடித்தோர், ஆடவர், முத்தமிட்டோர் ஆகியோரிடத்து இக்கிருமி மிகுதியாகக் காணப்பட்டது. இறுதியிற் கூறியதைக் கல்லூரி இதழில் அச்சிடுவதா என ஆசிரியர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். கிருமி நாணம் அறியாததாகலின் நாமும் மறைத்திலேம்.

நெருக்கமே இதற்கு முதற் காரணம் என்பது முதல் உலகப் போரின்போதே அறியப்பட்டது. இங்கிலாந்தில் கேட்டர்ஹாம் என்னும் ஊரிலிருந்த படைவீடுகளை ஆராய்ந்த குளோவர் என்னும் வைத்தியர், கட்டில்கள் ஒன்றையொன்று முட்டுமளவில் நெருங்கியபோது சுமப்போர் தொகை ஏறுவதையும், அவற்றிடையே இரண்டரை அடி வெளி விட்டபின் அத்தொகை இறங்குவதையும் கண்டெழுதினார். மருந்து ஒன்றும் ஊட்டப்படவில்லை. கட்டில்கள் நகர்த்தப்பட்டன, அவ்வளவே. விடுதிகளில் ஓர் அறைக்கு இன்னும் ஒரு கட்டில் சேர்த்தால் என்ன என்று கணக்கிடுவோர் இதனைப் படித்தல் நன்று.

இனி நாம் வற்புறுத்த விரும்பும் கருத்துக்கு வருவோம். விடுதியொன்றில் இந்நோயால் ஒருவர் இறந்தாராயின், "இதனைக் கொண்டுவந்தவன் யார்?" என்னும் கேள்வியே முதலில் எழும். எல்லாரையும் சோதித்து, சுமப்போரைப் பிரித்து, வீட்டிற்கனுப்புக என்பாரும் தோன்றுவர். இது நீதியுமன்று, பயனுமன்று என்பதே நம் துணிபு. மூன்றில் ஒருவர் சுமக்கும் விடுதியில் யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது? இன்று சுமப்பவன் அடுத்த மாதம் சுமவாதிருப்பான். இன்று தூயவன் எனச் சான்று பெற்றவன் நான்கு நாளிற் சுமப்பான். துடைத்தெடுக்கும் குச்சியும் சிலரைத் தவறவிடும். ஆதலின் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் சுமப்போரைத் தேடி அலைவதில்லை. நோயாளியோடு ஓரில்லத்தில் உறைந்தோர், நெருங்கிப் பழகினோர் ஆகியோர்க்குச் சோதனையின்றியே சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்தை ஒரு வேளை கொடுத்து அமைகின்றனர்.

சுமப்போரைக் குற்றவாளியராக நடத்தியதன் விளைவை நியூயார்க் நகரத்து மேரி மலன் என்னும் சமையற்காரியின் வரலாற்றிற் காணலாம். டைபாய்டு கிருமியைத் தான் நோயுறாமலே சுமந்த அவள் 1907-ஆம் ஆண்டில் ஒரு தீவிற் சிறைவைக்கப்பட்டாள், 1910-இல் விடப்பட்டாள், பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமைக்கப் புகுந்தமையால் 1915-இல் மறுபடி பிடிபட்டு, 1938-இல் இறக்குமட்டும் அங்கேயே இருந்தாள். அவள் மீண்டும் சமைத்தது தவறே. ஆயினும் தான் நோயாளியென்பதை நம்ப இயலாத ஏழைப் பெண்ணைக் குற்றவாளிபோற் சிறைவைத்த நகரத்தாரின் தவறு அதனினும் பெரிது எனவே நாம் கொள்வோம்.

தமிழ் மாணவரென்ற முறையில் ஈண்டு ஒன்று கூற விழைகின்றோம். "நோயைப் பரப்பினான்" என்று பத்திரிகைகள் எளிதில் எழுதிவிடுகின்றன. பரவுதல் தன்வினை, பரப்புதல் பிறவினை. பரப்புதற்கு ஒரு கருத்தா வேண்டும். அவனுக்கு அறிவும் நோக்கமும் வேண்டும். தன் தொண்டையில் ஏதுளது என்றே அறியாதவன் எங்ஙனம் பரப்புவான்? நோய் பரவிற்று என்பதே உண்மையோடு பொருந்திய தொடர். இஃது இலக்கண நுணுக்கம் என்று நகைத்துவிடற்பாலதன்று. இறந்த தோழனது அறையில் உடனுறைந்தவன் ஆயுள்முழுதும் எச்சொல்லைச் சுமக்க வேண்டும் என்பது இவ்வொரு வேறுபாட்டில் அடங்கியுளது.

அவ்வாறாயின் செயற்பாலது யாது? தடுப்பூசியே முதன்மையானது. 1999-ஆம் ஆண்டில் பிரிட்டன் சி-வகைக்குரிய புதிய ஊசியைச் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் இடத் தொடங்கியபின், அவ்வகையைச் சுமக்கும் இளைஞர் தொகை மூன்றில் இருபங்கு குறைந்தது. ஊசி பெறாதோரும் அதனாற் காக்கப்பட்டனர். பி-வகையின் செய்தி இத்துணை இனிதன்று. தென் ஆஸ்திரேலியாவில் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 35,000 மாணாக்கரைக் கொண்டு ஆராய்ந்ததில், பி-வகையூசி கிருமியைச் சுமத்தலைக் குறைக்கவில்லை. அஃது இட்டுக்கொண்டோனைக் காக்கும். அடுத்த கட்டிலிற் கிடப்போனைக் காவாது.

ஆதலின் அடுத்த கட்டிலிற் கிடப்போனை நாமே காத்தல் வேண்டும். கடுந் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, ஒளியைக் காணக் கூசுதல், கைகால் சில்லிடல், மயக்கம் ஆகியவை இந்நோயின் குறிகள். எல்லாம் ஒருங்கே தோன்றா, தொடக்கத்தில் சாதாரண சளிக்காய்ச்சல் போன்றே இருக்கும். தோலிற் செம்புள்ளிகள் எழுந்து, கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தினும் மறையாவாயின் கணமும் தாழ்த்தலாகாது. நம்மனோரது கருநிறத் தோலில் அவை எளிதிற் புலப்படாமையின், உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகியவற்றை நோக்குக. புள்ளி தோன்றும்வரை காத்திருத்தலும் பிழை. "களைத்திருக்கிறான், உறங்கட்டும்" என்று கதவைச் சாத்திச் செல்வதே விடுதிகளில் நிகழும் பெருங்கேடு.

இக்கல்லூரியிற் பட்டம் பெற்று மேற்படிப்பிற்காக இங்கிலாந்து செல்லும் அன்பர்க்கு ஒரு சொல். நால்வகைக்குரிய ஊசி அங்கே 2015-ஆம் ஆண்டு முதல் இளைஞர்க்கு இடப்படுகின்றது. 25 வயது நிரம்பாது முதன்முறை சர்வகலாசாலையிற் சேரும் அயல்நாட்டு மாணாக்கரும் அதனை இலவசமாகப் பெறலாம். வகுப்புத் தொடங்கும் முதல் வாரமே கிருமி மிக விரைந்து பரவும் காலமாதலின், கூடுமாயின் கப்பலோ விமானமோ ஏறுவதற்கு இருவாரத்திற்கு முன்பே ஈண்டே இட்டுக்கொண்டு செல்க.