கணிப்பொறிக் கல்வி நூலகத்தில் குடியேறட்டும்

பட்டா மாறுதலுக்கு மனுச் செய்வதும், முதியோர் பென்ஷன் ஏன் நின்றுபோயிற்று என்று விசாரிப்பதும், ரேஷன் கார்டில் மருமகளின் பெயரைச் சேர்ப்பதும் கணிப்பொறியின் வழியாகவே நடந்தேறும் காலம் வந்துவிட்ட பிறகு, அந்த யந்திரத்தைக் கையாளத் தெரியாத பிரஜை, தமக்கு உரியதைப் பெறுவதற்கும் பிறர் தயவை நாடி நிற்க நேர்கிறது. முன்னாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்தவர் அறிந்துகொண்டது வந்தவருடைய குறையை மட்டுமே. இன்று உதவிக்கு வருபவரோ ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைபேசிக்கு வரும் ஓடிபி ஆகிய அனைத்தையும் அறிந்துகொள்கிறார். ஆகவே கணிப்பொறி அறிவு என்பது உத்தியோகத்துக்கான அலங்காரமாக இருந்த நிலை மாறி, சுயமரியாதைக்கும் சொத்துப் பாதுகாப்புக்கும் இன்றியமையாத சாதனமாகிவிட்டது.

இதை உணர்ந்தே மத்திய சர்க்கார் 2017-ல், கிராமங்களில் குடும்பத்துக்கு ஒருவராக 6 கோடிப் பேருக்கு இவ்வறிவைப் புகட்டும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. 2024 மார்ச்சில் அது முடிவுற்றபோது, பயிற்சி பெற்றோர் தொகை அந்த இலக்கையும் தாண்டியிருந்தது. பெருமுயற்சிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒருவருக்கு விதிக்கப்பட்ட பாடம் 20 மணி நேரம். வீட்டில் கணிப்பொறியும், பயின்றதைப் பழகிப் பார்க்க ஓரிடமும் இல்லாத ஐம்பது வயதுப் பெண்மணியிடம், வகுப்புக் கலைந்த சில மாதங்களில் எஞ்சுவது சான்றிதழ் மட்டுமே என்றால், குறை அவருடைய புத்தியில் இல்லை. அப்பியாசத்துக்கு வழி செய்யாமல் வித்தையை மட்டும் வழங்கிய ஏற்பாட்டில் இருக்கிறது.

வேறொரு முறையைப் புதுச்சேரிக் கிராமங்கள் 1998-லேயே பரீட்சித்துப் பார்த்தன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு அங்கே தகவல் மையங்களை அமைத்தபோது, ஊராருக்கு எது தெரிய வேண்டியிருக்கிறது என்பதையே முதலில் கேட்டறிந்தது. இடம் கொடுப்பது ஊரார் பொறுப்பு. ஜாதி வித்தியாசமின்றி யாவரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயிலிலேயே மையம் அமைந்தது. பல மையங்களை உள்ளூர்ப் பெண்களே நடத்தினர். வீராம்பட்டினத்திலோ, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரத்தை அறிந்து, தமிழில் ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். கணிப்பொறியைத் தொட்டறியாதவருக்கும் அதன் பிரயோஜனம் கடலுக்குப் புறப்படுமுன் கிட்டிற்று. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஆழிப்பேரலை எச்சரிக்கை, நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊரெங்கும் ஒலித்து உயிர்களைக் காத்ததென்றால், ஆபத்துக் காலத்தில் நம்பத்தக்க ஓர் இடம் அவ்வூரில் முன்பே வேரூன்றியிருந்ததே அதற்குக் காரணம்.

அத்தகைய நிலையான இடத்தை நாம் புதிதாகத் தேடி அலைய வேண்டியதில்லை. 1948-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியும் இன்றுவரை வசூலாகிறது. அவ்வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டு, ஒவ்வோர் ஊர்ப்புற நூலகத்திலும் இரண்டு கணிப்பொறிகளை வைத்து, மாலை வேளைகளில் கற்றுக்கொடுக்க அந்த ஊர்ப் பெண் ஒருவரைச் சம்பளத்தோடு நியமிக்கலாம். இருக்கிற வேலையே நூலகருக்கு மிகுதி என்பதால், இப்பொறுப்பையும் அவர் தலையில் சுமத்துவது தகாது.

கைபேசி எல்லோரிடமும் இருக்கையில் இது எதற்கு என்று கேட்போர் உண்டு. விரல் நுனியில் சினிமாப் பார்க்கப் பழகியவருக்கெல்லாம் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தெரிந்துவிடுவதில்லை. வங்கி அதிகாரி போல் பேசும் மோசக்காரரை இனங்காணவும், பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்கவும் யாரேனும் பக்கத்திலிருந்து கற்பித்தாக வேண்டும்.

இம்முயற்சியின் வெற்றியை அளக்க வேண்டிய முறையும் வேறு. முதல் தடவை ஆசிரியையின் துணையோடு மனு அனுப்பியவர்களில் எத்தனை பேர் அடுத்த தடவை தம் கையாலேயே அனுப்பினார்கள் என்பதை ஊர்தோறும் கணக்கெடுத்து வெளியிடட்டும். அந்த எண்ணிக்கை உயராத ஊரில், எத்தனை சான்றிதழ்கள் வழங்கியிருந்தாலும், கல்வி இன்னும் தொடங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.