எந்தக் கோலால் அளப்பது?

ஊரக வைப்பகங்களுள் எப்பகுதியது திறமுடையது என்று ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கிறார்கள். ஈட்டம் எவ்வளவு, வாராக்கடன் எவ்வளவு என்பவையே அவர்கள் கையிலுள்ள கோல்கள். 2023-24இல் இந்தியாவின் ஊரக வைப்பகங்கள் எல்லாம் சேர்ந்து ஈட்டியது 7,571 கோடி உருபா. திரட்டிய வைப்பில் கடனாய்ச் சென்றது 71.2 விழுக்காடு. இதில் தென்மாநிலங்கள் வடகிழக்கு மாநிலங்களை விஞ்சி நிற்கின்றன. மகிழலாம். ஆயின், அக்கடன் யார் கைக்குச் சென்றது என்று கேட்க வேண்டாவா?

1975இல் இவ்வைப்பகங்களைத் தொடங்கியபோது சொல்லப்பட்ட நோக்கம் யாது? சிறு உழவர், உழவுக் கூலியர், கைவினைஞர் ஆகியோரின் கடன்தேவையை நிறைவு செய்வதன்றோ! இன்றோ, உழவுக் கடன் என்று எழுதப்படுவதில் பெரும்பங்கு நகையீட்டுக் கடன். நகை பெட்டகத்தில் இருக்கக் கடன் எங்ஙனம் வாராதொழியும்? வாராக்கடன் குறைகிறது, 'திறம்' உயர்கிறது. அடகு வைக்கக் குன்றிமணிப் பொன்னும் இல்லாத குத்தகை உழவன் மட்டும் கந்துவட்டிக்காரன் வாயிலிலேயே நிற்கிறான்.

சேலத்து மரவள்ளி விளைய ஏறத்தாழப் பத்து மாதம். நாமக்கல் பண்ணையில் குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தொடங்கவே இருபது கிழமை. பள்ளிபாளையத்து விசைத்தறிக்கோ நூல் வாங்க இன்றே பணம் வேண்டும். மூன்றுக்கும் ஒரே காலவரை, ஒரே அளவுகோல் என்பது அறிவாகுமா?

அதியமான், வள்ளலார் கிராம வங்கிகள் 2006இல் பல்லவன் ஆயின. 2019 ஏப்பிரல் முதல்நாள் பல்லவனும் பாண்டியனும் இணைந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. விருதுநகர்க் கரிசலும் நாமக்கல் மேட்டுநிலமும் இன்று ஒரே வரவுசெலவுக்குள். பெயரில் தமிழ்நாடு; உடைமையிலோ நடுவணரசுக்கு 50, பொறுப்பேற்ற இந்தியன் வங்கிக்கு 35, தமிழக அரசுக்கு வெறும் 15 விழுக்காடு! பணித்தேர்வில் தமிழுக்கு இடம் கிடைத்ததே 2019இல்தான்.

நாம் கேட்பன மூன்று. நகையீடின்றிச் சிறு உழவர்க்கும் குத்தகையாளர்க்கும் தந்த கடன் எவ்வளவு என்பதை மாவட்டந்தோறும் தனித்தனியே வெளியிடுக. விண்ணப்பம் முதல் கடன்முறி வரை யாவும் தமிழிலேயே அமைக. தமிழக அரசின் பங்கை உயர்த்துக.

கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உழவன் தானே படித்தறியும் நாளில்தான் அவ்வைப்பகம் திறமுடையது. அந்தக் கோலால் அளப்போம்!