எந்த மொழியில் எழுதுவது?

பேசின் பிரிட்ஜ் மாணவர் நால்வர், தம் பகுதி நூலகத்தின் தமிழ்ப் புத்தகப் பட்டியலுக்கு ஒரு மென்பொருள் எழுத முனைகின்றனர் எனக் கொள்வோம். பதினொன்றாம் வகுப்பில் பயிலும் சி பிளஸ் பிளஸ் வேகமானது என்பார் ஒருவர். சில நூறு புத்தகங்களுள் ஒன்றைத் தேட அவ்வேகம் எதற்கு?

'தமிழ்' மூன்றெழுத்துச் சொல். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சி பிளஸ் பிளஸ் அதனை 15 பைட்டுகளாக எண்ணும். பைத்தானோ இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே கணக்கிட்டு 5 என்னும். எனினும் பைத்தானில் கிடைக்கும் 'ஓபன் தமிழ்' நிரல்தொகுப்பு, எழுத்து மூன்றே எனச் சரியாகப் பிரித்துத் தரும். இப்பணிக்குப் பைத்தானே தக்கது.

ஆனால், நால்வருள் ஒருவரே அதனை அறிந்திருப்பின், ஏனைய மூவரும் கற்றபின்னரே பணியைத் தொடங்கவேண்டும். இன்றேல், அவர் வாராத நாளில் சிறுபிழையையும் திருத்த ஆளிராது.