காலையில் ஆபரேஷன், மாலையில் வீடா?

உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டவரை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனை மேல்நாடுகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம் நாட்டிலும் அந்தப் பேச்சு கிளம்பியிருக்கிறது. படுக்கை மிச்சம், வாடகை மிச்சம், நோயாளிக்கும் சௌகரியம் என்கிறார்கள். நல்லது. ஆனால் இது யாருக்குப் பாதுகாப்பு? எந்த ஏற்பாட்டின் கீழ் பாதுகாப்பு? தூத்துக்குடிக் கரையில் நின்று இதை நாம் கேட்கிறோம்.

பருத்த உடம்பு பணக்காரர் வியாதி, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 100க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். துறைமுகத்தில் இரவு ஷிப்டு பார்க்கும் கிரேன் தொழிலாளியும், லாரியிலேயே உண்டு உறங்கும் டிரைவரும், நாள் முழுதும் உட்கார்ந்து மீன் விற்கும் தாய்மாரும் இந்தக் கணக்கில் உண்டு. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இவர்களைத் தேடி வருகின்றன. மிகவும் முற்றியவர்களுக்கு ஆபரேஷன் உண்மையாகவே பலன் தருகிறது. ஆகவே ஆபரேஷனை நாம் எதிர்க்கவில்லை.

இதில் என்ன செய்கிறார்கள்? பரவலாகச் செய்யப்படும் முறையில், இரைப்பையில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை உலோகப் பின்களால் தைத்து மூடுகிறார்கள். வெளியே தெரிவது நாலைந்து சிறு துளைகள்தான். உள்ளே நடந்திருப்பது பெரிய காரியம். ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாட்களில் தெரியும். தையல் விட்டுக் கசிவது சில நாட்கள் கழித்தும் நேரலாம். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறி அடைப்பது, வீடு திரும்பிய பின்னரும் வரக்கூடிய அபாயம். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் வியாதி உள்ளவர்களுக்கு, வலி மருந்தோடு சேரும் முதல் இரவே கண்டம்.

இவை அபூர்வம் என்பது மெய்தான். ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுத்தால் எல்லா அபாயமும் தீர்ந்துவிடாது என்பதும் மெய்யே. அன்றே அனுப்பலாம் என்போரின் வாதம் இதுதான். ஆனால் அனுபவம் என்ன சொல்லுகிறது? 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைப் பரிசீலித்து 2018ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மறுநாள் வீடு சென்றவர்களைவிட அன்றே வீடு சென்றவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. இரு சாராரிலும் மரணம் மிகச் சொற்பமே. ஆயினும் வித்தியாசம் இருந்தது. பின்னர் நோயாளிகளைக் கவனமாகப் பொறுக்கி எடுத்துச் செய்த இடங்களில் நல்ல முடிவுகள் கிடைத்தன. நெதர்லாந்தில் அன்றே வீடு சென்றவரின் உடலில் கருவி பொருத்தி, அவர் நாடித்துடிப்பை ஆஸ்பத்திரியிலிருந்தே கவனித்து வந்தார்கள். அங்கே நோயாளி வீட்டுக்குப் போனார். கவனிப்பும் கூடவே போனது.

முத்துக்குளித்த கடல் இது. 1961க்குப் பிறகு அந்தத் தொழில் நின்றுபோனாலும், அதன் ஒழுங்கை நம் மக்கள் மறக்கவில்லை. குளிப்பவன் மூச்சடக்கிக் கீழே போவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். இழுப்பு வந்த மறுகணம் தூக்குவான். ஆளை இறக்கிவிட்டுக் கயிற்றை விட்டுப் போகிறவனை எந்தத் தோணியும் ஏற்றாது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கும் இதே கடமை உண்டு.

மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், திருச்செந்தூரிலிருந்து 40. தூத்துக்குடியில் 2000 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் ஆபரேஷனை மதுரையிலோ சென்னையிலோ செய்துகொண்டு மாலையில் பஸ் ஏறுகிறவர், நள்ளிரவில் நாடி படபடத்தால் யாரைக் கூப்பிடுவார்? நகரத்தில் கால் மணி தூரத்தில் குடியிருப்பவருக்குப் பொருந்தும் விதியைக் கரையோரக் கிராமத்தவர் தலையில் கட்டுவது நியாயமா?

இன்சூரன்ஸ் விதியையும் பாருங்கள். உயரத்தோடு எடையை ஒப்பிட்டுக் கணிக்கும் குறியெண் 40க்குக் குறையாதவருக்கு, அல்லது 35க்குக் குறையாமல் இருதய நோய், கடுமையான மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத சர்க்கரை போன்றவை உள்ளவருக்கு மட்டுமே இந்த ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்கும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வகுத்தது. இன்சூரன்ஸ் பணத்தை நம்பி வருகிறவர்களில் பலர் அன்றே அனுப்பத் தகாதவர்கள் என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலில், எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்குச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார். வீடு திரும்பும் கட்டத்துக்கே அவர் வரவில்லை. சர்க்கார் விசாரணை நடத்தியது. கத்தி எடுக்குமுன் அவசர ஏற்பாடு தயாராக இருக்கவேண்டும் என்பதே அந்தச் சாவு சொல்லும் பாடம். தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997ல் சட்டம் செய்த தமிழ்நாட்டில், அதற்கான விதிகள் வர 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. அடுத்த விதிக்கு இன்னும் 21 ஆண்டு காத்திருக்க மக்கள் தயாராக இல்லை.

நாம் கோருவது இவை:

1. அன்றே வீடு செல்லத் தகுதியானவர் யார் என்பதை எழுத்தில் வகுக்கவேண்டும். மூச்சுத்தடை, இருதய நோய் உள்ளவர், தனியே வசிப்பவர், தொலைவில் இருப்பவர் ஓர் இரவேனும் தங்கவேண்டும்.

2. தங்குவதா போவதா என்பதில் நோயாளியின் சம்மதமே முடிவு. படுக்கைக் கணக்கு அல்ல.

3. இரவு பகல் எந்நேரமும் டாக்டர் பேசும் டெலிபோனும், மறுநாள் கட்டாய விசாரிப்பும் வேண்டும். சிக்கல் வந்து திரும்பினால் தனிக் கட்டணம் கூடாது.

4. எத்தனை பேர் திரும்பி வந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்ற கணக்கை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வெளியிடவேண்டும்.

5. தூத்துக்குடி அரசு ஆஸ்பத்திரியில் இத்தகையோரைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற டாக்டர்கள் எந்நேரமும் இருக்கவேண்டும்.

இந்த ஆபரேஷன் செய்துகொண்ட தோழர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நாடி நிமிஷத்துக்கு 120க்கு மேல் நின்றாலும், காய்ச்சல், மூச்சுத் திணறல், தணியாத வயிற்றுவலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கறுத்த மலம் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். என்ன ஆபரேஷன், எந்த நாள், எந்த டாக்டர் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

விஞ்ஞானம் முன்னேறட்டும், மாலையிலேயே வீடு திரும்பும் காலமும் எல்லோருக்கும் வரட்டும். ஆனால் மிச்சமாகும் ஒரு நாள் வாடகைக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை கிடையாது. இந்தக் கோரிக்கைகளைச் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் மீனவ ஊர்க் கமிட்டிகளும் கையில் எடுக்கட்டும்!