பல்லைக் காட்டும் முன் ரேட்டைக் கேளுங்க

1/ பல் வைத்தியத்துல ஏழைபாழைகளை விழ வைக்கறது முதல்ல சொல்ற ரேட் இல்லைங்க, பாதியில வந்து சேர்ற ரேட். அரசு மருத்துவமனை ஓபி-யில கன்னம் வீங்கி வர்றவங்கள்ல சிலர் வேர் சிகிச்சையைப் பாதியில விட்டவங்க. "கேப்புக்குத் தனின்னாங்க சார், கையில காசில்லை"ங்கறதுதான் அவங்க பதில்.

2/ வேர் சிகிச்சை ஒரே வேலை இல்லை. எக்ஸ்ரே, உள்ளே சுத்தம் பண்ணி அடைக்கறது, மேல ஃபில்லிங், கடைசியா கேப். கடைவாய்ப் பல்லுக்கு கேப் பெரும்பாலும் அவசியம். போடாம விட்டா பல் உடைஞ்சு, புடுங்க வேண்டியதாயிரும். பணமும் போச்சு, பல்லும் போச்சு. விளம்பரத்துல இருக்கற ரேட்டுல கேப் சேர்ந்திருக்கான்னு கேளுங்க.

3/ இம்ப்ளான்ட்டும் அப்படித்தான். எலும்புக்குள்ள ஸ்க்ரூ, அதுக்கு மேல அபட்மென்ட், அதுக்கு மேல பல். மூணும் சேர்ந்தாத்தான் மெல்ல முடியும். சொல்ற காசு எது வரைக்கும்? கம்பி போட்டா, கழட்டினப்புறம் வர்ற ரீடெய்னர் சேர்த்தியா, தனியா?

4/ பல் டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. மெஷின், லேப், மெட்டீரியல் எல்லாமே காசு. திறந்து பார்க்கற வரைக்கும் சொத்தை எவ்வளவு ஆழம்னு முழுசா தெரியாது.

5/ ஆனா போர் போடறப்ப எத்தனை அடியில தண்ணி வரும்னு வண்டிக்காரருக்கும் தெரியாதுங்களே! அடிக்கு எவ்வளவு, கேசிங் பைப் சேர்த்தியா, ஆழம் போகப் போக ரேட் எப்படின்னு பேசி முடிக்காம தோட்டத்துக்குள்ள வண்டியை விடுவோமா? வாய்க்கு மட்டும் ஏன் கேட்க மாட்டேங்கறோம்?

6/ கேட்கறது உங்க உரிமை. எங்களை மாதிரி டாக்டர்களுக்கான 2002 நெறிமுறையே, சிகிச்சைக்கு முன்னாடி கட்டணத்தைச் சொல்லணும்னுதான் சொல்லுது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரிச்ச நோயாளர் உரிமைச் சாசனத்துல கட்டண விவரம், இனவாரியான பில், இன்னொரு டாக்டர்கிட்ட கருத்துக் கேட்கறது எல்லாம் இருக்கு. காசு வாங்கிப் பண்ற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு.

7/ சேர்ல உட்கார்றதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி:
• கேப் வரைக்கும் மொத்தம் எவ்வளவு?
• எதெது சேரலை?
• கூடினா அதிகபட்சம் எவ்வளவு?
• கேப் என்ன மெட்டீரியல், வாரன்டி கார்டு உண்டா?
• இப்பவே பண்ணணுமா, தள்ளிப் போடலாமா?
பதிலை ஒரு சீட்டுல எழுதி வாங்குங்க. எக்ஸ்ரே காப்பியும் வாங்கி வைங்க.

8/ உயிர் போற வலியில முழு பேக்கேஜுக்குத் தலையாட்டாதீங்க. "இன்னைக்கு வலிக்கு மட்டும் பாருங்க, மத்ததை வீட்ல பேசிட்டுச் சொல்றேன்"னு சொல்லலாம். ஆனா வீக்கத்தோட காய்ச்சல், வாய் திறக்க முடியலை, முழுங்க முடியலைன்னா காசு கணக்குப் பார்க்காம உடனே ஜிஎச் வாங்க.

9/ வேற வழியும் இருக்கு. கோவை ஜிஎச்-ல பல் பிரிவு இருக்கு. கோவை, சூலூர், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில பண்ணுவாங்க. நேரம் அதிகமாகும், செலவு பொதுவா கம்மி.

10/ கிளினிக் நடத்தற நண்பர்களுக்கு: எஸ்டிமேட்டை எழுதியே குடுங்க. முழுத் தொகையைக் கேட்டு நாலு பேர் திரும்பிப் போகலாம். பாதிப் பல்லோட ஒருத்தர் நிக்கறதுக்கு அது எவ்வளவோ மேலுங்க.