வைரம் பாயட்டும், பொறுங்கள்!

உங்களுக்குப் பெரம்பலூர் பக்கம், குரும்பலூரில் அப்பா விட்டுப்போன மானாவாரி நிலம் இருக்கிறதா? 'மக்காச்சோளத்தை விடுங்க சார், மகோகனி வைங்க, பன்னிரண்டே வருஷத்துல கோடீஸ்வரன்' என்று ஒருவர் கன்று விற்க வருவார். உஷார்!

மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 1795-ல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்த மரம் இது. மரத்தின் மேல் குற்றமில்லை. ஆனால், ஷோரூம் சோபாவிலும் ஹேர் டை பாக்கெட்டிலும் நீங்கள் பார்க்கிற அந்தச் செம்பழுப்பு, வைரம் பாய்ந்த மகோகனியின் நிறம். இளமரம் வெளிறித்தான் இருக்கும். வைரம் பாயப் பல காலம் ஆகும். அவசரப்பட்டால் பாலிஷ்தான் கிடைக்கும். போதாக்குறைக்குக் குருத்தைத் துளைக்கும் புழு ஒன்று உண்டு. அது புகுந்தால் நெடுநெடுவென்று வளர வேண்டிய மரம் கவை விட்டுவிடும். கன்று விற்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

பத்திரம் எழுதித் தருகிறார்களே என்கிறீர்களா? தேக்கைக் காட்டிப் பணம் திரட்டிய அனுபவ் பிளான்டேஷன்ஸும் காகிதம் கொடுத்தது. 1990-களின் கடைசியில் கம்பெனி கவிழ்ந்தது. காகிதம் மட்டும் மிஞ்சியது.

வரப்பில் வேம்பு, பூவரசோடு பத்து மகோகனியும் நிற்கட்டும், தப்பில்லை. சோறு போடும் வயலைக் கொடுக்காதீர்கள். வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'பன்னிரண்டு வயசு மரத்தை வெட்டி வித்த பில் இருக்கா?'